ரோ சால்வரில் விரிவலைக்கு நடுவே ஒரு படி: கோட் தப்பா, முறையே அப்படியா?

சிஎஃப்டி_மாணவன்:

எல்லோருக்கும் வணக்கம். எம்.டெக். இரண்டாம் ஆண்டு, தெர்மல் பிரிவு. ப்ராஜெக்டுக்காக ஒரு பரிமாண ஆய்லர் சமன்பாடுகளுக்கு (உராய்வில்லாத வாயு ஓட்டத்தின் சமன்பாடுகள்) ஃபைனைட் வால்யூம் கோட் ஒன்றை, அதாவது குழாயைச் சின்னச் சின்ன செல்களாக வெட்டிக் கணக்கிடும் வகையை, பைத்தானில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ரெடிமேட் சாஃப்ட்வேரில் எடுத்த கலர் படத்தோடு வைவாவில் போய் நிற்க மனம் வரவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஃப்ளக்ஸுக்கு, அதாவது இரண்டு செல்லுக்கு நடுவே உள்ள ஃபேஸ் வழியாகப் போகும் அளவுக்கு, ரோ சால்வர் போட்டிருக்கிறேன். சாட் ஷாக் ட்யூப் டெஸ்ட் (குழாயில் இரண்டு வாயு நிலைகளுக்கு நடுவே உள்ள தடுப்பைச் சட்டென்று எடுக்கும் கணக்கு) அழகாக வருகிறது: இடப்பக்கம் அடர்த்தி 1, அழுத்தம் 1, வலப்பக்கம் 0.125, 0.1; இரண்டு பக்கமும் வேகம் பூஜ்யம். அடுத்து டோரோ புத்தகத்தில் உள்ள மாற்றிய வடிவத்தைப் போட்டேன். எண்கள் எல்லாம் அதேதான், இடப்பக்க வாயுவுக்கு மட்டும் 0.75 வேகம், தடுப்பு 0.3-இல். 100 செல், சிஎஃப்எல் எண் (ஒரு ஸ்டெப்பில் அலை செல்லின் எவ்வளவு பங்கு நகரலாம் என்பது) 0.9, நேரம் 0.2. ஷாக் 0.73 பக்கத்திலும், கான்டாக்ட், அதாவது இரு பக்க வாயுக்களின் எல்லை, 0.57 பக்கத்திலும் வருகின்றன, இரண்டும் சரியான இடம். ஆனால் எக்ஸ்பான்ஷன் ஃபேன், அதாவது விரிவலை, வழவழவென்று இறங்க வேண்டிய இடத்தில், சரியாக 0.3-இல், அடர்த்தி படி மாதிரி செங்குத்தாக விழுகிறது. 400 செல்லுக்கு ஏற்றினாலும் போகவில்லை, இன்னும் கூர்மையாகத்தான் தெரிகிறது. ஐகன்வெக்டர்களைத் திரும்பத் திரும்பக் கையால் சரிபார்த்துவிட்டேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ரூசனோவ், எச்எல்எல், எச்எல்எல்சி, ரோ, ஆஷர், ஏயூஎஸ்எம் என்று ஃப்ளக்ஸ் கணக்கிடும் முறைகளின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. எந்த ஃபார்முலாவைக் கொடுத்தாலும் கோடில் போட்டுவிட முடிகிறது. அது ஏன் அப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால் பதில் வரவில்லை. எந்த வரிசையில் படித்தால் இது பிடிபடும்? எக்ஸாக்ட் ரீமான் சால்வரை (ஃபேஸின் இரு பக்க நிலைகளிலிருந்து கிளம்பும் அலைகளைத் துல்லியமாகத் தீர்ப்பது) எழுதியே ஆக வேண்டுமா? காற்றுச்சுரங்கம் அண்ணா இந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் பாருங்கள்.


காற்றுச்சுரங்கம்:

கோடில் தப்பில்லை தம்பி. ரோ 1981-இல் எழுதிய முறையை அப்படியே போட்டால் இந்த டெஸ்டில் இந்தப் படி வந்தே தீரும். சாட் டெஸ்டில் ஏன் வரவில்லை, இதில் மட்டும் ஏன் வருகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. எண்களை வைத்தே பார்ப்போம்.

உங்கள் இடப்பக்க வாயுவில் ஒலியின் வேகம் 1.183. வாயு 0.75 வேகத்தில் வலப்பக்கம் போகிறது. விரிவலையின் தலை வாயுவை எதிர்த்துப் போவதால் அதன் வேகம் 0.75 − 1.183 = −0.433. அலை கடந்துபோன பிறகு வாயுவின் வேகம் 1.361 ஆகிவிடுகிறது, ஒலிவேகம் 1.061-க்கு இறங்கிவிடுகிறது. அப்படியானால் வாலின் வேகம் +0.300. தலை இடப்பக்கம் போகிறது, வால் வலப்பக்கம் போகிறது, நடுவில் ஒரு புள்ளி நகராமல் நிற்கிறது. தடுப்பு இருந்த 0.3 அதுதான். அங்கே வாயுவின் வேகமும் ஒலிவேகமும் சமம், இரண்டும் 1.111. அடர்த்தி 0.73. இதைத்தான் சோனிக் புள்ளி என்கிறார்கள். சாட் டெஸ்டில் வால்கூட −0.07 வேகத்தில் இடப்பக்கமே போகிறது. அங்கே சோனிக் புள்ளியே கிடையாது, அதனால் தப்பித்தீர்கள்.

இப்போது ரோ சால்வர் செய்வதைப் பாருங்கள். ஒவ்வொரு ஃபேஸிலும் அது ஆய்லர் சமன்பாட்டை நேர்கோட்டுச் சமன்பாடாக மாற்றிக்கொள்கிறது. நேர்கோட்டுச் சமன்பாட்டில் விரிவலை கிடையாது, வெறும் தாவல்கள்தான். ஒவ்வொரு தாவலுக்கும் ஒரே வேகம். ஃப்ளக்ஸில் சேரும் டிஸ்ஸிபேஷன், அதாவது தாவலை மழுக்கும் பகுதி, அந்த வேகத்தின் மட்டு மதிப்போடு பெருக்கப்படுகிறது. உங்கள் 0.3 ஃபேஸில் அந்த வேகம் பூஜ்யத்தை ஒட்டி வருகிறது, டிஸ்ஸிபேஷனும் கூடவே காணாமல் போகிறது. தாவலைப் பிரித்துவிட அங்கே ஆளே இல்லை. நிறை, உந்தம், ஆற்றல் மூன்றும் அப்போதும் துல்லியமாகக் காக்கப்படும். மீறப்படுவது எண்ட்ரபி விதி மட்டும்; விரிய வேண்டிய அலை தாவலாக நிற்கக் கூடாது என்பது அந்த விதி. அதனால்தான் ஷாக்கும் கான்டாக்டும் சரியான இடத்தில் இருந்துகொண்டே இது மட்டும் தப்பாகத் தெரிகிறது. கிரிட்டை எவ்வளவு நுணுக்கினாலும் போகாததற்கும் இதுவே காரணம்: உங்கள் கோட் ஒரு விடையை நோக்கி ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருக்கிறது, இயற்கையில் இல்லாத ஒரு விடையை நோக்கி.

இதை ஒரு தாளில் கையாலேயே பார்த்துவிடலாம், கட்டாயம் செய்து பாருங்கள். பர்கர்ஸ் சமன்பாடு, வேகம் ஒன்றே மாறியாக உள்ள எளிய மாதிரி; ஃப்ளக்ஸ் என்பது வேகத்தின் வர்க்கத்தில் பாதி. ஒரு ஃபேஸுக்கு இடப்பக்கம் உள்ள செல்களில் எல்லாம் −1, வலப்பக்கம் எல்லாம் +1. ரோ சராசரி வேகம் 0. இரண்டு பக்கத்து ஃப்ளக்ஸும் 0.5, ஆகவே ஃபேஸிலும் 0.5. எந்த செல்லை எடுத்தாலும் வந்தது 0.5, போனது 0.5. ஆயிரம் ஸ்டெப் ஓட்டினாலும் ஒரு எண்கூட மாறாது. உண்மையான விடை என்ன? −1-லிருந்து +1 வரை விரிந்துகொண்டே போகும் அலை, ஃபேஸில் வேகம் 0, எனவே ஃப்ளக்ஸும் 0. ஒவ்வொரு ஃபேஸிலும் துல்லியமான விடையையே எடுக்கும் கோடுனோவ் முறை அந்த 0-வைத்தான் தரும். சிஎஃப்எல் 0.8 என்று வைத்தால் முதல் ஸ்டெப்பிலேயே இடது செல் −0.6 ஆகவும் வலது செல் +0.6 ஆகவும் மாறிவிடும். உங்கள் 100 செல் ப்ளாட்டில் இருக்கும் படி முழுவதும் இந்த இரண்டு செல்லில் அடங்கியிருக்கிறது.

மருந்து எண்ட்ரபி ஃபிக்ஸ். ஹார்ட்டன் 1983-இல் சொன்ன வடிவம் எளிது. அலைவேகத்தின் மட்டு மதிப்பு டெல்டா என்ற எல்லைக்குக் கீழே போனால், அதன் இடத்தில் (வேகத்தின் வர்க்கம் + டெல்டாவின் வர்க்கம்) / (2 × டெல்டா) என்று போட வேண்டும். டெல்டாவை மனம்போன போக்கில் 0.1, 0.2 என்று வைக்காதீர்கள். ஃபேஸின் சராசரி அலைவேகத்திலிருந்து இடது செல்லின் அலைவேகத்தைக் கழியுங்கள். வலது செல்லின் அலைவேகத்திலிருந்து சராசரியைக் கழியுங்கள். இரண்டில் பெரியது டெல்டா. இரண்டும் நெகட்டிவ் என்றால் அங்கே இருப்பது அமுங்கும் அலை, ஃபிக்ஸ் வேண்டாம். பர்கர்ஸில் இது 1 என்று வருகிறது. பூஜ்யமாக இருந்த மட்டு மதிப்பு 0.5 ஆகிறது. ஃப்ளக்ஸ் 0.5 − 0.5 × 0.5 × 2 = 0. கோடுனோவ் தந்த அதே எண்! ஒரு எச்சரிக்கை: வேகம் கழித்தல் ஒலிவேகம், வேகம் கூட்டல் ஒலிவேகம் என்ற இரண்டு அலைக்கு மட்டும் இதைப் போடுங்கள். கான்டாக்ட் அலைக்கும் சேர்த்துப் போட்டால் ரோவை வைத்துக்கொள்வதன் லாபமே போய்விடும்.

சரி, படிக்கும் வரிசைக்கு வருகிறேன். என் கருத்து உறுதியானது: ரீமான் சால்வரிலிருந்து ஆரம்பிக்கவே கூடாது. ஃபைனைட் வால்யூம் என்பது வரவு செலவுக் கணக்கு. ஒரு செல்லிலிருந்து ஃபேஸ் வழியாகப் போனது பைசா குறையாமல் பக்கத்து செல்லில் வரவாக வேண்டும். ஷாக் சரியான வேகத்தில் போவது அந்தக் கணக்கால்தான். அந்த ஃபேஸில் எழுத வேண்டிய தொகை எவ்வளவு என்று சொல்வது மட்டுமே ரீமான் சால்வரின் வேலை. இது மனதில் பதியாமல் எச்எல்எல்சி ஃபார்முலாவைப் பார்த்தால் அது எழுத்துக் குவியலாகத்தான் தெரியும்.

பதிய வைக்க மறுபடியும் பர்கர்ஸ். இந்த முறை இடப்பக்கம் 1, வலப்பக்கம் 0. ஷாக் 0.5 வேகத்தில் வலப்பக்கம் போக வேண்டும். இதை ஃப்ளக்ஸ் வடிவத்தில் எழுதாமல், வேகம் பெருக்கல் வேகத்தின் சரிவு என்ற வடிவத்தில் அப்விண்ட் (ஓட்டம் வரும் பக்கத்து செல்லை வைத்துச் சரிவு எடுப்பது) போட்டுப் பாருங்கள். வலப்பக்க செல்லில் வேகம் 0, எனவே பெருக்குத்தொகை 0, செல் மாறாது. இடப்பக்க செல்லில் சரிவு 0, அதுவும் மாறாது. ஷாக் ஒரு செல்கூட நகராமல் நின்ற இடத்திலேயே நிற்கும். கோட் வெடிக்காது, அலைவு இருக்காது, ப்ளாட் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கும், விடை முழுக்கத் தப்பு. ஃப்ளக்ஸ் வடிவத்துக்கு மாற்றிய உடனே 0.5 வேகத்தில் கிளம்பிவிடும். லாக்ஸும் வெண்ட்ராஃபும் 1960-இல் நிறுவிய தேற்றம் இதற்குப் பின்னால் இருக்கிறது: கன்சர்வேட்டிவ் வடிவத்தில், அதாவது ஃப்ளக்ஸ் வடிவத்தில், எழுதிய முறை ஒரு விடையில் போய்ச் சேர்ந்தால், அந்த விடையில் ஷாக்குகள் சரியான தாவல் விதிப்படிதான் இருக்கும். எண்ட்ரபிக்கு அந்தத் தேற்றம் உத்தரவாதம் தரவில்லை. உங்கள் படி நுழைந்தது அந்த இடைவெளி வழியாக.

இவ்வளவும் ஆனபின் ஒலியலைச் சமன்பாடு. அழுத்தம், வேகம் என்று இரண்டே மாறிகள், இரண்டே அலைகள், ஐகன்வெக்டர்களை மனக்கணக்காகவே போடலாம். ஒரு தாவலை இரண்டு அலையாகப் பிரித்து, எது இடம் போகிறது எது வலம் போகிறது என்று பார்த்து நடுவில் உள்ள நிலையைக் கண்டுபிடியுங்கள். ரோ சால்வர் முழுவதும் இதுதான், மூன்று அலையோடு. அப்புறம் ஆய்லருக்கு ரூசனோவ். ஐந்தாறு வரியில் முடிந்துவிடும், ஆனால் எல்லாவற்றையும் மழுக்கும். எங்கே மழுக்குகிறது என்று பார்த்துவிட்டு எச்எல்எல், அதிலிருந்து எச்எல்எல்சி.

எச்எல்எல்லுக்கும் எச்எல்எல்சிக்கும் உள்ள வித்தியாசத்தைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட ஒரு டெஸ்டில் பார்த்துவிடுங்கள். அழுத்தம் இரண்டு பக்கமும் 1, வேகம் இரண்டு பக்கமும் 0, அடர்த்தி இடது 1.4, வலது 1. எதுவுமே நடக்கக் கூடாத டெஸ்ட். எச்எல்எல் 1983-இல் ஹார்ட்டன், லாக்ஸ், வான் லியர் மூவரும் தந்தது. அதில் வெளி ஓரத்து இரண்டு அலைகள் மட்டுமே இருக்கின்றன, நடுவில் கான்டாக்டுக்கு இடமில்லை. அதனால் அசையாமல் நிற்க வேண்டிய அடர்த்தித் தாவலைக் கரைத்துக்கொண்டே போகும். 1990-களின் தொடக்கத்தில் டோரோவும் கூட்டாளிகளும் அந்த நடு அலையைத் திரும்பச் சேர்த்தார்கள், அதுதான் கடைசியில் வரும் சி. எச்எல்எல்சியில் தாவல் கடைசி இலக்கம் வரை அப்படியே நிற்கும். இது ஏதோ நுணுக்கமான வேடிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். நாளைக்குச் சுவரை ஒட்டிய பவுண்டரி லேயர் கணக்குக்குப் போவீர்கள், அங்கே வேகம் குறைவு, கான்டாக்டும் ஷியர் அலையும் (பக்கவாட்டு வேகம் மட்டும் மாறும் தாவல்) கிட்டத்தட்ட நின்றுகொண்டிருக்கும். அவற்றைக் கரைக்கும் சால்வரை வைத்துச் சுவர் உராய்வும் வெப்பப் பரிமாற்றமும் எடுத்தால் அந்த எண்களை நம்ப முடியாது. தெர்மல் ஆளுக்கு இது உயிர்நாடி.

எக்ஸாக்ட் சால்வர்: எழுதுங்கள், ஆனால் தனி ஃபங்ஷனாக. நட்சத்திரப் பகுதியின், அதாவது விரிவலைக்கும் ஷாக்குக்கும் நடுவில் உள்ள பகுதியின், அழுத்தத்துக்கு ஒரே ஒரு சமன்பாடு, நியூட்டன் முறையில் சில சுற்றில் முடிந்துவிடும். உங்கள் டெஸ்டுக்கு 0.4663 வர வேண்டும். சாட் டெஸ்டுக்கு 0.3031. வந்துவிட்டால் ப்ளாட்டில் ஒப்பிட ஒரு சரியான கோடு உங்கள் கையில் இருக்கிறது. கோடுனோவ் 1950-களின் நடுவில் மாஸ்கோவில் தன் ஆய்வேட்டுக்காக இந்த முறையை உருவாக்கி 1959-இல் வெளியிட்டபோது ஒவ்வொரு ஃபேஸிலும் ரீமான் பிரச்சினையைத் தீர்ப்பதாகத்தான் வைத்தார். பின்னால் வந்த ரோவின் வாதம் எளிமையானது: இவ்வளவு பாடுபட்டு முழு விடையையும் கண்டுபிடித்து, அதிலிருந்து ஒரு ஃப்ளக்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைச் செல் சராசரியில் கரைத்துவிடுகிறோம். அப்படியானால் தோராயமான விடையே போதுமே! என்னைக் கேட்டால் இந்த ஒரு வாதம்தான் மொத்தப் பட்டியலுக்கும் சாவி. ஒவ்வொரு சால்வரையும் எடுத்து, இவர் எந்த அலையை வைத்துக்கொண்டார், எதை விட்டார் என்று கேளுங்கள். ரூசனோவ் ஒரே வேகம். எச்எல்எல் இரண்டு. எச்எல்எல்சி மூன்று. ரோவும் மூன்று, ஆனால் எல்லாம் தாவல். ஏயூஎஸ்எம் அலைகளாகப் பிரிக்காமல், வாயு சுமந்து போவதையும் அழுத்தத்தையும் தனித்தனியாகப் பார்க்கிறது. வைவாவில் இப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி வராது.

அப்புறம் சில சோதனைகளைக் கோடோடு எப்போதும் வைத்திருங்கள். ஏதாவது இரண்டு நிலைகளை எடுத்து, ரோ மேட்ரிக்ஸை நிலை வித்தியாசத்தோடு பெருக்கினால் ஃப்ளக்ஸ் வித்தியாசம் பதினாலு இலக்கம் வரை வருகிறதா என்று பாருங்கள்; ஐகன்வெக்டரைக் கையால் சரிபார்ப்பதைவிட இது நம்பகமானது. இடது வலதை மாற்றி வேகத்தின் குறியையும் மாற்றினால் நிறை ஃப்ளக்ஸின் குறி மாற வேண்டும், உந்த ஃப்ளக்ஸ் மாறக் கூடாது. மொத்த நிறையையும் கூட்டிப் பாருங்கள்: உங்கள் டெஸ்டில் ஆரம்பத்தில் 0.3 × 1 + 0.7 × 0.125 = 0.3875, இடது எல்லை வழியாக 0.2 நேரத்தில் வருவது 0.15, ஆக மொத்தம் 0.5375. நான்காம் தசமத்திலேயே இது பிசகினால் ப்ளாட் எவ்வளவு அழகாக இருந்தாலும் கோடைத் திறந்து தேடுங்கள்.


வெள்ளவரைபடம்:

நான் வாயுப் பக்கம் இல்லை, ஆற்று வெள்ளத்துக்கு ஷாலோ வாட்டர் சமன்பாடு ஓட்டுகிறவன். இதே படி எங்கள் ஊரிலும் உண்டு என்று சொல்லத்தான் வந்தேன், அதுவும் எல்லோரும் முதலில் போடும் டெஸ்டிலேயே.

அணை உடைப்பு. ஒரு பக்கம் 10 மீட்டர் தண்ணீர், மறுபக்கம் வறண்ட தரை, நடுவில் இருந்த சுவர் சட்டென்று மறைகிறது. ரிட்டர் 1892-இலேயே இதற்கு விடை எழுதிவிட்டார். அணை இருந்த இடத்தில் ஆழம் 10-இல் 4/9 பங்கு, அதாவது 4.44 மீட்டர். அங்கே நீரின் வேகம் விநாடிக்கு 6.6 மீட்டர். இரண்டும் நேரத்தோடு மாறாது. இப்போது 4.44 மீட்டர் ஆழத்தில் சிற்றலையின் வேகத்தைக் கணக்கிடுங்கள், அதுவும் 6.6. ஃப்ரூட் எண், அதாவது நீரின் வேகத்துக்கும் சிற்றலை வேகத்துக்கும் உள்ள விகிதம், சரியாக 1. காற்றுச்சுரங்கம் சொன்ன சோனிக் புள்ளி அணைச் சுவர் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது! எண்ட்ரபி ஃபிக்ஸ் இல்லாத ரோவைப் போட்டால் சுவரே இன்னும் அங்கே இருப்பதுபோல நீர்மட்டத்தில் ஒரு படி நிற்கும்.

மாணவருக்கு என் யோசனை, ஆய்லருக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். இரண்டே சமன்பாடு, கான்டாக்ட் தொல்லை இல்லை, எச்எல்எல்லே போதுமானது. கவனிக்க வேண்டியது நீரின் முனை. வறண்ட தரையில் முனை ஓடும் வேகம் சிற்றலை வேகத்தைப்போல் இரண்டு மடங்கு, 10 மீட்டருக்கு விநாடிக்கு 19.8 மீட்டர். எச்எல்எல்லில் வலப்பக்க அலைவேகத்துக்கு வழக்கமான ஃபார்முலாவை வைத்தால் முனை பின்தங்கிவிடும். வலப்பக்கம் வறண்டது என்றால் இடது வேகத்தோடு சிற்றலை வேகத்தின் இரு மடங்கைக் கூட்டிப் போடுங்கள். இங்கே ரோ வேண்டாம்; ஆழம் பூஜ்யத்தை நெருங்கும்போது நெகட்டிவ் ஆழம் தந்துவிடும்.

இது பாடப்புத்தகக் கணக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். தெற்கு பிரான்சில் ஃப்ரெஜுஸ் நகருக்கு மேலே இருந்த மால்பாசே வளைவணை 1959 டிசம்பர் 2 இரவில் உடைந்து நானூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். வெள்ளத்தின் உச்சமட்டம் எங்கெங்கே எட்டியது என்று போலீசார் அளந்து வைத்தார்கள். வழியில் இருந்த மின் டிரான்ஸ்ஃபார்மர்கள் நின்றுபோன நேரத்திலிருந்து வெள்ள முனை எப்போது எங்கே வந்தது என்பதும் தெரியும். இன்றைக்கும் அணை உடைப்புக் கோட் எழுதுகிறவர்கள் அந்த எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். முனை வேகம் தப்பினால், ஓடித் தப்பிக்க எத்தனை நிமிடம் இருக்கிறது என்று ஒரு ஊருக்குச் சொல்லும் கணக்கு தப்பும். நான் ஃபேஸ் ஃப்ளக்ஸில் இவ்வளவு அக்கறை காட்டுவது அதனால்தான்.

தரை மேடுபள்ளமாகப் போனதும் இன்னொரு டெஸ்ட் சேர்த்துக்கொள்ளுங்கள்: அசையாத ஏரி. நீர்மட்டம் சமம், அடியில் மட்டும் ஒரு மேடு. எந்தச் செல்லிலும் வேகம் பிறக்கக் கூடாது. சரிவுக்கான சோர்ஸ் டெர்மை ஃப்ளக்ஸோடு ஒத்துப்போகாமல் எழுதினால் தானாகவே நீரோட்டம் கிளம்பும்.


சிஎஃப்டி_மாணவன்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பர்கர்ஸ் −1, +1 கணக்கைத் தாளில் போட்டேன், அப்படியே வந்தது. ஷாக் நகராத கணக்கு இன்னும் கண்முன்னால் நிற்கிறது; இவ்வளவு சுத்தமான ப்ளாட் இவ்வளவு தப்பாக இருக்கும் என்று நினைத்ததே இல்லை. எண்ட்ரபி ஃபிக்ஸ் போட்டதும் பெரிய படி போய்விட்டது. நிறை 0.5375 வருகிறது. எக்ஸாக்ட் சால்வரும் எழுதி 0.4663 எடுத்துவிட்டேன்.

ஆனால் 0.3-இல் இன்னும் மெல்லிய ஒரு மடிப்பு தெரிகிறது. டெல்டாவைக் கூட்ட வேண்டுமா? அடுத்து மழுக்கலைக் குறைக்க இரண்டாம் ஆர்டர் துல்லியம், அதற்குப் பிறகு மழுங்கிய முனை உள்ள பொருளைச் சுற்றி மாக் 6-இல் இரு பரிமாணத்துக்குப் போகலாம் என்று நினைக்கிறேன். அங்கேயும் ரோவையே தொடரலாமா அண்ணா?


காற்றுச்சுரங்கம்:

டெல்டாவைத் தொடாதீர்கள். எக்ஸாக்ட் சால்வர் கையில் இருக்கிறதே, அதையே ஃப்ளக்ஸாக வைத்து ஒரு தடவை ஓட்டுங்கள். அந்த மடிப்பு அதிலும் இருக்கும். முதல் ஆர்டர் கோடுனோவ் முறைக்கே உள்ள குணம் அது, சோனிக் கிளிட்ச் என்பார்கள். முன்பு இருந்த படியிலிருந்து இதைப் பிரித்தறிவது சுலபம்: 400 செல்லுக்குப் போனால் இது சுருங்கும், அது சுருங்கவில்லை. இரண்டாம் ஆர்டருக்குப் போனதும் கண்ணுக்கே தெரியாது.

இரண்டாம் ஆர்டருக்கு வான் லியரின் 1979 வழி, மஸ்கல். செல்லுக்குள் மாறிலிக்குப் பதில் ஒரு சாய்வு வைத்து, ஃபேஸில் உள்ள மதிப்புகளை சால்வருக்குக் கொடுக்கிறீர்கள். சால்வரை ஒரு வரிகூட மாற்ற வேண்டாம். சாய்வை அளவோடு நிறுத்தும் லிமிட்டர் ஏன் என்றால், நேர்கோட்டு முறை எதுவாக இருந்தாலும் புதிய மேடுபள்ளம் உண்டாக்காமல் இருக்க வேண்டுமானால் முதல் ஆர்டரைத் தாண்ட முடியாது என்று கோடுனோவ் அதே 1959 கட்டுரையில் நிரூபித்துவிட்டார். லிமிட்டர் என்பது அந்த நேர்கோட்டு நிபந்தனையை வேண்டுமென்றே உடைப்பது. முதலில் மின்மாட் லிமிட்டர், அது சரியாக வந்தபின் வான் லியர் லிமிட்டர். சாய்வை அடர்த்தி, வேகம், அழுத்தம் மூன்றுக்கும் எடுங்கள். உந்தம், ஆற்றல் ஆகியவற்றுக்கு எடுத்தால் ஃபேஸில் அழுத்தம் நெகட்டிவ் ஆகும் வாய்ப்பு அதிகம். நேரத்துக்கு இரண்டு கட்ட ரங்கே–குட்டா போதும்.

இரு பரிமாணத்தில் மாக் 6, மழுங்கிய முனை என்றால் ரோவைத் தனியாக விடாதீர்கள். முனைக்கு முன்னால் வளைந்து நிற்க வேண்டிய ஷாக்கில், சமச்சீர்க் கோட்டை ஒட்டி ஒரு மூக்கு முளைக்கும். கார்பங்கிள் என்று பெயர். பியரியும் இம்லேயும் 1988-இல் எழுதிய பிறகு எல்லோர் கவனத்துக்கும் வந்தது. இதில் மனதை உறுத்தும் விஷயம், கான்டாக்டைக் கரைக்காமல் காப்பாற்றும் சால்வர்கள்தான் இதற்கு அதிகம் ஆளாகின்றன: ரோ, எச்எல்எல்சி, எக்ஸாக்ட் சால்வர்கூட. கரைக்கும் எச்எல்எல்லும் ரூசனோவும் தப்பித்துவிடுகின்றன. ஷாக்குக்குப் பக்கவாட்டில் உள்ள ஃபேஸ்களில் ஷியர் அலைக்கு டிஸ்ஸிபேஷன் இல்லாததால் சிறு அதிர்வு அடங்காமல் வளர்கிறது. க்வெர்க் 1994-இல் காட்டிய வழியைத்தான் நானும் பயன்படுத்துகிறேன்: அழுத்தத் தாவலை வைத்து வலுவான ஷாக் எங்கே என்று கண்டுபிடித்து, அதை ஒட்டிய ஃபேஸ்களில் மட்டும் எச்எல்எல், மற்ற எல்லா இடத்திலும் ரோ அல்லது எச்எல்எல்சி. சுவர்ப் பக்கம் துல்லியம் கெடாது.

முனைக்குப் போகும் முன்னால் நீளமான நேர்க் குழாயில் மாக் 6 ஷாக் ஒன்றை ஓட்டுங்கள், நடு கிரிட் கோட்டில் மட்டும் புள்ளிகளை மாற்றி மாற்றி மேலும் கீழுமாக மிகச் சிறிதளவு நகர்த்தி வைத்து. ரோவில் ஷாக் போகப் போகக் கிழியும், எச்எல்எல்லில் நேராக இருக்கும். இரண்டு அடர்த்திப் ப்ளாட்டையும் இங்கே போடுங்கள். ஸ்விட்ச் எந்த அழுத்த விகிதத்தில் வைப்பது என்று உங்கள் கிரிட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.